ஆராய்ச்சியையே ஆராய அரசு ஏன் காசு கொடுக்க வேண்டும்?

இரணைமடுவில் சிறுபோகக் கூட்டம் கூடினால் முதல் கேள்வி, குளத்தில் எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது என்பது. இரண்டாவது, அதை வைத்து எத்தனை ஏக்கர் விதைக்கலாம் என்பது. மூன்றாவது கேள்வி ஒன்றும் உண்டு: துருசால் திறந்துவிடும் தண்ணீரில் எவ்வளவு வாய்க்காலிலேயே கசிந்து போகிறது, கடைசி வயலுக்கு எவ்வளவு போய்ச் சேருகிறது? அதற்கு விடை வேண்டுமென்றால் ஒருவர் வாய்க்கால் நெடுகிலும் நடந்து அளக்க வேண்டும். அவருக்குக் கொடுக்கும் கூலியால் குளத்தில் ஒரு சொட்டும் கூடாது. ஆனால் அவர் அளக்காவிட்டால் ஓட்டை எங்கே என்று யாருக்கும் தெரியாது.

மருத்துவ ஆராய்ச்சியிலும் இந்த மூன்றாவது கேள்வியைக் கேட்பவர்கள் இருக்கிறார்கள். புற்றுநோய்க்கு மருந்து தேடுவது அவர்கள் வேலை அல்ல. மருந்து தேடும் ஆய்வுகள் எப்படி நடக்கின்றன, அவற்றில் எத்தனை திரும்பச் செய்தாலும் அதே முடிவைத் தருகின்றன, எந்த விண்ணப்பத்துக்குக் காசு கொடுப்பது என்று குழுக்கள் எப்படித் தீர்மானிக்கின்றன, அந்தத் தீர்மானம் சரியாக அமைகிறதா என்பவற்றை அளப்பதுதான் வேலை. இதை மெட்டா சயன்ஸ் என்கிறார்கள். 'ஆராய்ச்சியைப் பற்றிய ஆராய்ச்சி' என்றால் போதும்.

அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவகங்கள், சுருக்கமாக என்.ஐ.எச்., ஆண்டுக்கு ஏறத்தாழ 47 பில்லியன் டொலர் வரவுசெலவுள்ளவை. இதில் 80 வீதத்துக்கு மேல் வெளியேயுள்ள பல்கலைக்கழகங்களுக்கும் ஆய்வுகூடங்களுக்கும் போகிறது. இலங்கையில் எல்லாத் துறை ஆராய்ச்சிக்கும் சேர்த்துச் செலவாவது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.1 வீத அளவுதான், அதாவது ஆயிரம் ரூபாயில் ஏறத்தாழ ஒரு ரூபாய். பெரிய குளத்துக்குக் கசிவு தெரியாவிட்டால் நட்டம். சின்னக் குளத்துக்குத் தெரியாவிட்டால் விதைப்பே இல்லை.

சந்தேகம் எங்கிருந்து வருகிறது

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஆய்வாளர்கள் ஆயிரம் ஊகங்களைச் சோதிக்கிறார்கள், அவற்றில் 100 மட்டும் உண்மை என்று வைத்துக்கொள்ளுங்கள். வழமையான விதிப்படி, பொய்யான ஊகம் ஒன்று தற்செயலாக 'உண்மை' என்று தெரிவதற்கு 5 வீத இடம் விடப்படுகிறது. 900 பொய்களில் 45 இப்படித் தப்பி வரும். உண்மையான 100இல் எத்தனையைப் பிடிக்கிறோம் என்பது ஆய்வு எவ்வளவு பெரியது என்பதைப் பொறுத்தது. நல்ல பருமனான ஆய்வு 80ஐப் பிடிக்கும். அப்போது 'கண்டுபிடித்தோம்' என்று வெளிவரும் 125இல் 45, அதாவது 36 வீதம் பிழை. ஒரு கூட்டில் ஐந்தாறு எலிகளை வைத்துச் செய்த சின்ன ஆய்வு 20ஐத்தான் பிடிக்கிறது என்றால், வெளிவரும் 65இல் 45 பிழை, 69 வீதம். யாரும் பொய் சொல்லவில்லை, யாரும் தரவைத் திருத்தவில்லை. இதற்கு மேல்தான், வேண்டிய விடை வரும்வரை தரவைப் பல விதமாகக் கூறுபோட்டுப் பார்ப்பதும், சாதகமான முடிவை மட்டும் அனுப்பிவிட்டு மற்றதை லாச்சிக்குள் வைப்பதும் சேருகின்றன. மருத்துவ ஆய்வாளர் ஜோன் ஐயோனிடிஸ் 2005இல் எழுதிய பெயர்பெற்ற கட்டுரையின் அடிப்படை இந்தக் கணக்குத்தான்.

கணக்கு மட்டுமல்ல, கைகண்ட சான்றும் உண்டு. அம்ஜென் மருந்து நிறுவனத்தார் 53 முக்கியமான புற்றுநோய் ஆய்வுகளைத் திரும்பச் செய்து பார்த்ததில் 6 மட்டுமே தேறின என்று 2012இல் அறிவித்தார்கள். பிறகு ஒரு பொதுத்திட்டம் 53 கட்டுரைகளிலிருந்து 193 பரிசோதனைகளைத் திரும்பச் செய்ய முயன்றது. 2021இல் முடிவு வெளியானபோது 23 கட்டுரைகளின் 50 பரிசோதனைகள்தான் முடிந்திருந்தன. என்னைக் கேட்டால் அந்தத் திட்டம் சொன்ன பெரிய செய்தி வேறு: அச்சில் வந்ததை மட்டும் வைத்துக்கொண்டு, எழுதியவரிடம் விளக்கம் கேட்காமல், அந்த 193இல் ஒன்றைக்கூட முழுமையாகத் திட்டமிட முடியவில்லை. சமையல் குறிப்பில் உப்பு எவ்வளவு என்று எழுதாமல் விட்டது போல. இந்தத் திட்டத்துக்குக் காசு கொடுத்தது தனியார் அறக்கட்டளை. அரசு பில்லியன் கணக்கில் செலவழித்து வாங்கிய சாமானின் தரத்தைப் பார்க்க வேறொருவர் வர வேண்டியிருந்தது.

மதவாச்சிக்கு இந்தப் பக்கம்

வன்னியில் இருப்பவருக்கு இதை விளக்க எலி தேவையில்லை. 1990களில் மதவாச்சி, பதவியாப் பக்கம் கவனத்துக்கு வந்த, காரணம் தெரியாத நாட்பட்ட சிறுநீரக நோய் வவுனியா, முல்லைத்தீவு மாவட்டங்களிலும் பதிவாகியிருக்கிறது. காட்மியம், ஆசனிக்கு, புளோரைட்டு, வன்நீர், களைகொல்லி, வெயிலில் தண்ணீர் குடிக்காமல் வயல்வேலை என்று ஒவ்வொன்றையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிய ஆய்வுகள் உண்டு. உலக சுகாதார நிறுவனமும் இலங்கைத் தேசிய விஞ்ஞான மன்றமும் சேர்ந்து நடத்திய ஆய்வு 2013இல் வெளியாகிக் காட்மியத்தின் பக்கம் கைகாட்டியது. 2015இல் கிளைபோசேட் என்ற களைகொல்லிக்குத் தடை வந்தது. 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் தளர்ந்தது, 2022இல் நீங்கியது. கிராமங்களில் தண்ணீர் சுத்திகரிக்கும் இயந்திரங்கள் முளைத்தன. காரணம் இதுதான் என்ற முடிவு மட்டும் இன்னும் வரவில்லை.

இத்தனை ஆய்வுகள் ஏன் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை? இதுதான் ஆராய்ச்சியைப் பற்றிய ஆராய்ச்சி கேட்கும் கேள்வி. விடை பெரும்பாலும் சின்னச் சின்ன இடங்களில் ஒளிந்திருக்கும். நாட்பட்ட சிறுநீரக நோய் என்று சொல்ல, கோளாறு மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்க வேண்டும். ஒரே தடவை மருத்துவ முகாம் வைத்துக் குருதி எடுத்து எண்ணிக்கை சொன்னால், நீர் குறைந்து களைத்து வந்தவரும் நோயாளியாக எண்ணப்படுவார். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்பதைக் குருதியிலுள்ள கிரியட்டினின் என்ற கழிவுப்பொருளின் அளவை வைத்துத்தான் பார்க்கிறார்கள். நாள் முழுக்க வயலில் நின்றவரிடம் பின்னேரம் எடுத்த குருதியில் அது ஏறியிருக்கும். முதல்நாள் இரவு இறைச்சிக்கறி சாப்பிட்டிருந்தாலும் ஏறும். அளக்கும் முறையிலும் சிக்கல் உண்டு. மலிவான ஜாஃபே முறை குருதியிலுள்ள வேறு சில பொருட்களையும் கிரியட்டினின் என்று சேர்த்து எண்ணிவிடும், நொதிய முறையில் அந்தக் கோளாறு குறைவு. ஓர் ஆய்வு ஒரு முறையையும் அடுத்தது மற்றதையும் பாவித்தால், இரண்டு கிராமங்களுக்கு இடையிலான வித்தியாசம் நோயினுடையதா இயந்திரத்தினுடையதா என்று பிரிக்க முடியாது. 35 பாகை வெயிலில் குருதி மாதிரியைப் பிரிக்காமல் மணிக்கணக்காக ஏ-9 வீதியால் கொண்டுபோனால் அது இன்னொரு பிழை.

ஆகவே இந்த நோய் பற்றி வெளிவந்த எல்லாக் கட்டுரைகளையும் எடுத்து, எத்தனை பேர் மூன்று மாதம் கழித்து மறுபடி சோதித்தார்கள், எந்த முறையால் அளந்தார்கள், நோய் இல்லாத பக்கத்து ஊர் ஒன்றை ஒப்பீட்டுக்கு எடுத்தார்களா, எந்த நேரத்தில் மாதிரி எடுத்தார்கள் என்று ஒரு பெரிய அட்டவணை போடுவது தன்னளவில் ஓர் ஆய்வு. அதற்கு ஒருவர் கையிலும் ஊசி குத்தத் தேவையில்லை. 2009க்குப் பிறகு வன்னிச் சனம் எத்தனை தரம் படிவம் நிரப்பியிருக்கும் என்று நினைத்துப் பார்த்தால், அதுவே இதற்கு ஒரு பெரிய சிபாரிசு.

அரசிடம் மட்டுமே இருக்கும் தரவு

இந்த வேலையைத் தனியார் அறக்கட்டளைகளே செய்யட்டுமே என்று கேட்கலாம். கட்டுரைகளைப் படித்து அட்டவணை போடுவதை யாரும் செய்யலாம். நிராகரிக்கப்பட்ட விண்ணப்பங்களோ அரசின் அலுமாரிக்குள்தான் இருக்கின்றன. காசு கிடைத்தவர் சாதித்தார் என்பது பெரிய செய்தியல்ல, கிடைக்காதவர் என்ன ஆனார் என்று தெரிந்தால்தான் காசின் பங்கை அளக்கலாம்.

எப்படி அளப்பது? என்.ஐ.எச்.இல் ஒரு விண்ணப்பத்தை வழக்கமாக மூன்று பேர் ஆழமாகப் படிக்கிறார்கள். பாதி விண்ணப்பங்களோ அதற்கு மேலோ குழுவில் விவாதத்துக்கே வராமல் கழிக்கப்படும். மிச்சத்துக்கு உறுப்பினர் ஒவ்வொருவரும் 1 முதல் 9 வரை புள்ளி போடுவார்கள், 1தான் சிறந்தது. சராசரியைப் பத்தால் பெருக்கினால் 10க்கும் 90க்கும் இடையில் ஓர் எண் வரும். எங்கோ ஒரு கோடு விழும், அதற்கு இந்தப் பக்கம் இருப்பவருக்குக் காசு, அந்தப் பக்கம் இருப்பவருக்குக் கைவிரிப்பு. கோட்டை ஒட்டி இரு பக்கமும் நிற்பவர்கள் தரத்தில் அண்ணன் தம்பிதான். ஆகவே அவர்கள் இருவரையும் ஐந்து ஆண்டு பின்தொடர்ந்தால், வரும் வித்தியாசம் காசால் வந்தது என்று சொல்லலாம். இதே வழியில் பொருளியலாளர்கள் ஜேக்கப்பும் லெஃப்கிரெனும் 2011இல் கண்டது: என்.ஐ.எச்.இன் வழமையான மானியம் ஒன்றால் அடுத்த ஐந்து ஆண்டுகளில் கூடுதலாக வருவது ஏறத்தாழ ஒரே ஒரு கட்டுரை. காசு வீண் என்று இதற்கு உடனே பொருள் கொள்ளக் கூடாது. தோற்றவர்கள் வேறிடத்தில் காசு தேடிக்கொண்டு அதே வேலையைச் செய்திருக்கலாம். கட்டுரை எண்ணிக்கை, அறிவு எவ்வளவு கூடியது என்பதற்கு ஒரு மொட்டை அளவுகோலும்கூட.

அந்தக் கோடு எவ்வளவு நம்பத்தக்கது என்பதையும் சோதித்தார்கள். 2018இல் வெளியான ஓர் ஆய்வில் 25 என்.ஐ.எச். விண்ணப்பங்களை 43 மதிப்பீட்டாளர்களிடம், உண்மைக் குழுக்கள் போலவே நான்கு குழுக்களாக அமைத்துக் கொடுத்தார்கள். ஒரே விண்ணப்பத்துக்கு வெவ்வேறு ஆட்கள் போட்ட புள்ளிகளுக்கிடையே இணக்கம் ஏறக்குறைய இல்லை என்றே முடிவு வந்தது. இன்னொரு பக்கம் விண்ணப்பம் எழுதும் செலவு. அவுஸ்திரேலியாவில் 2012இல் மருத்துவ ஆராய்ச்சி நிதிக்கு வந்த 3,727 விண்ணப்பங்களை எழுத ஆய்வாளர்கள் செலவிட்ட நேரம் ஏறத்தாழ 550 ஆள்-ஆண்டுகள் என்று மதிப்பிட்டார்கள். ஐந்தில் ஒன்றுக்குத்தான் காசு கிடைத்தது.

நியூசிலாந்துச் சுகாதார ஆராய்ச்சிச் சபை 2013 முதல் ஒரு சின்னப் பகுதிக்குச் சீட்டுக் குலுக்குகிறது. 150,000 நியூசிலாந்து டொலர் பெறுமதியான மானியங்கள் அவை. குழு பார்ப்பது இரண்டே விடயம்: யோசனை புதியதா, செய்யக்கூடியதா. தேறியவர்களிடையே எண் குலுக்கித் தீர்ப்பு. சுவிற்சர்லாந்தின் தேசிய விஞ்ஞான நிதியமும் கோட்டில் சமமாக நிற்பவர்களுக்கு மட்டும் இதைச் செய்கிறது. கேட்டதும் சிரிப்பு வரும். சமமாக நிற்பவர்களுக்கிடையே கூட்டம் கூடித் தீர்மானிப்பதும் ஒரு குலுக்கல்தான் என்பதைத் தரவு காட்டிய பிறகு சிரிப்பு நின்றுவிடும்.

ஒரு விதியை மாற்றினால் என்ன நடக்கும் என்பதற்கு நல்ல உதாரணம் இதய நோய் ஆய்வுகளில் கிடைக்கிறது. அமெரிக்க அரசின் இதய, நுரையீரல், குருதி நிறுவகம் காசு கொடுத்த பெரிய மருந்துப் பரிசோதனைகளை 2015இல் கப்லானும் இர்வினும் பார்த்தார்கள். 2000க்கு முன் வந்த 30இல் 17, அதாவது 57 வீதம், 'பலன் உண்டு' என்றன. பின் வந்த 25இல் 2 மட்டுமே, 8 வீதம். 2000இல், மருந்துப் பரிசோதனைகளைப் பதிந்துவைக்கும் அரசின் பொதுப் பதிவேடு திறந்தது. எதை அளக்கப்போகிறோம் என்பதை முன்கூட்டியே எழுதிவைக்க வேண்டி வந்தபோது, முடிவு வந்தபின் இலக்கை மாற்றும் வழி அடைபட்டது. அந்தக் காலத்தில் வேறு மாற்றங்களும் நடந்தன என்பதால் முழுப் புகழையும் பதிவேட்டுக்கே கொடுக்க முடியாது. ஆனாலும் 57 எங்கே, 8 எங்கே.

காசு எங்கிருந்து வருகிறது

2005இல் அமெரிக்க சனாதிபதியின் விஞ்ஞான ஆலோசகர் ஜோன் மார்பர்கர், விஞ்ஞானக் கொள்கைக்கே ஒரு விஞ்ஞானம் வேண்டும் என்று கேட்டார். அந்நாட்டின் தேசிய விஞ்ஞான நிறுவனம் அதற்கென ஒரு நிதித்திட்டம் தொடங்கியது. மருத்துவம் என்று வந்தால் மட்டும் இழுபறி. நோய் சார்ந்த ஆய்வு தன் எல்லைக்கு வெளியே என்பது தேசிய விஞ்ஞான நிறுவனத்தின் வழக்கம். என்.ஐ.எச்.இன் நிறுவகங்களோ பெரும்பாலும் நோயின் பெயராலும் உறுப்பின் பெயராலும் அமைந்தவை. எந்த நோயையும் சேராத விண்ணப்பத்தை எந்தக் கதவுக்கு அனுப்புவது என்ற கேள்வி வரும். ஆற்றிலே ஒரு கால், சேற்றிலே ஒரு கால். நெதர்லாந்து 2016இல் 3 மில்லியன் யூரோவை, பழைய ஆய்வுகளைத் திரும்பச் செய்வதற்கென்றே ஒதுக்கியது. பிரித்தானியா 2024 முதல் 10 மில்லியன் பவுணுடன் ஒரு மெட்டா சயன்ஸ் பிரிவை நடத்துகிறது. தொகைகள் பெரிதல்ல, அதுவே இந்தத் துறையின் கவர்ச்சியும்.

இலங்கையில் இதற்கெனத் தனி வாசலைத் தேடிக் காத்திருக்க வேண்டாம். தேசிய விஞ்ஞான மன்றம், தேசிய ஆராய்ச்சிச் சபை, பல்கலைக்கழகத்தின் உள் மானியம் ஆகியவற்றுக்கு, சுகாதாரத் தலைப்பின் கீழோ புள்ளிவிபரத் தலைப்பின் கீழோ விண்ணப்பிப்பதே நடைமுறை வழி. தலைப்பில் 'மெட்டா சயன்ஸ்' என்று போட்டால் குழுவில் பாதிப்பேர் முகத்தைச் சுளிப்பார்கள். 'இலங்கையில் பதிவான மருந்துப் பரிசோதனைகளில் எத்தனை முடிவை வெளியிட்டன' என்று போட்டால் எல்லோருக்கும் விளங்கும்.

வன்னியிலிருந்து ஒரு திட்டம்

வன்னியில் மருத்துவ பீடம் இல்லை. பம்பைமடுவில் வவுனியாப் பல்கலைக்கழகத்தின் பிரயோக விஞ்ஞான பீடம் இருக்கிறது, கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய, பொறியியல் பீடங்கள் இருக்கின்றன. கணக்கும் கணினியும் தெரிந்த பிள்ளைகள் போதும் என்பதால் இந்த ஆய்வுக்கு அதுவே தாராளம்.

மேலே சொன்ன தலைப்பையே எடுப்போம். இலங்கை மருத்துவச் சங்கம் 2006இல் தொடங்கிய மருந்துப் பரிசோதனைப் பதிவேடு இணையத்தில் திறந்தே கிடக்கிறது. முடிந்து 24 மாதமாவது ஆன பரிசோதனைகளை மட்டும் எடுங்கள், அதற்குள் வெளியிட அவகாசம் கிடைத்திருக்காது என்று பிறகு யாரும் சொல்லக் கூடாது. ஒவ்வொன்றுக்கும் குறிக்க வேண்டியவை: பதிவுத் திகதி, முதல் நோயாளி சேர்ந்த திகதி, முதன்மையாக அளப்பதாகச் சொன்னது என்ன, வெளியான கட்டுரை முதன்மை என்று காட்டுவது என்ன, வெளியாகவே இல்லையா. முதல் நோயாளி சேர்ந்த பிறகு பதிவானவை தனிப் பட்டியல், அவற்றில் 'முன்கூட்டியே எழுதிவைத்தல்' என்பதற்கே அர்த்தமில்லை.

எத்தனை வேண்டும்? 100 எடுத்து 30 வீதம் வெளியாகவில்லை என்று கண்டால் அந்த 30க்கு மேலும் கீழும் 9 புள்ளி தளர்வு இருக்கும். 400 எடுத்தால் தளர்வு 4.5. நாலு மடங்கு வேலைக்குப் பாதித் தளர்வுதான் குறைகிறது, ஆகவே 200 நல்ல நடுவழி. ஒன்றுக்கு 20 நிமிடம், இரண்டு பேர் தனித்தனியே பார்க்க வேண்டும்: 8,000 நிமிடம், ஏறத்தாழ 133 மணித்தியாலம். இருவர் தனித்தனியே பார்ப்பதில் கஞ்சத்தனம் பண்ணாதீர்கள். முதல் பத்தை ஒத்திகையாகச் செய்து, இருவரும் எவ்வளவு ஒத்துப்போகிறார்கள் என்று கப்பா எண்ணால் அளந்துகொள்ளுங்கள் (1 என்றால் முழு இணக்கம், 0 என்றால் தற்செயலாக வரும் இணக்கம் மட்டும்). 0.6க்குக் கீழே என்றால் ஆளில் பிழை இல்லை, உங்கள் அறிவுறுத்தலில்தான் பிழை. எழுதித் திருத்திவிட்டு வேறு பத்தை எடுங்கள். மாறுபடும் இடங்களுக்கு மூன்றாவது ஆள் தீர்ப்புச் சொல்லட்டும்.

கட்டுரை தேடும்போது முதலில் பதிவு எண்ணால் தேடுங்கள். பலர் அந்த எண்ணைக் கட்டுரையில் போட மறந்துவிடுவார்கள், ஆகவே அடுத்து ஆய்வாளர் பெயரும் மருந்தின் பெயரும். தமிழ், சிங்களப் பெயர்கள் ஆங்கிலத்தில் மூன்று நாலு விதமாக எழுதப்படும். முதலெழுத்து முன்னும் பின்னும் மாறும். மருத்துவக் கட்டுரைகளைத் தேடும் பப்மெட் தளத்தோடு நின்றால் உள்ளூர்ச் சஞ்சிகைகள் தப்பிவிடும், இலங்கைச் சஞ்சிகைகளின் இணையத் தொகுப்பையும் பார்க்க வேண்டும். அப்படியும் கிடைக்காவிட்டால் ஆய்வாளருக்கு மின்னஞ்சல் அனுப்பி, இரண்டு வாரம் விட்டு ஒரு நினைவூட்டல். குற்றப்பத்திரிகை மாதிரி எழுதினால் பதில் வராது.

தொடங்குமுன் முழுத் திட்டத்தையும் திகதியோடு ஒரு பொது இணையக் களஞ்சியத்தில் ஏற்றிவிடுங்கள், காசு கேட்க மாட்டார்கள். மற்றவர்கள் முன்கூட்டிப் பதிந்தார்களா என்று பார்க்கப் போகும் ஆய்வு தானே பதியாமல் போனால் வெட்கக்கேடு. பொதுப் பதிவேட்டை மட்டும் பார்ப்பதென்றாலும் நெறிமுறைக் குழுவிடம் விலக்குக் கடிதம் ஒன்று வாங்குங்கள், பின்னால் சஞ்சிகை கேட்கும். ஆய்வாளர்களுக்கு மின்னஞ்சல் அனுப்புவதென்றால் முழு மீளாய்வு வேண்டிவரலாம், அதற்குச் சில மாதம் ஒதுக்குங்கள்.

வரவுசெலவில் பெரும்பங்கு ஆட்கூலிக்குப் போக வேண்டும். மடிக்கணினி வாங்குவதற்கே இந்த ஆய்வோ என்று குழு சந்தேகப்படும்படி பட்டியல் போடாதீர்கள். புள்ளிவிபர ஆலோசனைக்கும் கட்டுரை வெளியீட்டுக் கட்டணத்துக்கும் ஒரு தொகை வையுங்கள், பலர் மறப்பது இவை இரண்டையும்தான். அரசின் நிதியாண்டு சனவரியில் தொடங்கி டிசம்பரில் முடிகிறது. காசு ஆண்டு நடுவில் கைக்கு வந்தால், பன்னிரண்டு மாத வேலையை ஆறு மாதத்தில் செலவுக் கணக்காகக் காட்ட வேண்டி வரும். ஆகவே திட்டத்தை இரண்டாக வெட்டி, முதல் பாதி தனியே நின்றாலும் ஒரு முடிவு தருமாறு அமையுங்கள். களத்துக்கும் போகும் திட்டமென்றால் காலபோக அறுவடை நடக்கும் மாசி, பங்குனியில் வீடு வீடாகப் போவதை விடுங்கள், வீட்டில் ஆள் இருக்காது.

முடிவு வந்ததும் கட்டுரைக்கு முன்னால் செய்ய வேண்டிய ஒரு வேலை உண்டு. பதிவேட்டில் கண்ட பிழைகள், திகதி முரண்கள், வெளியாகியும் இணைக்கப்படாத கட்டுரைகள் எல்லாவற்றையும் ஒரு விரிதாளில் போட்டுப் பதிவேட்டை நடத்துபவர்களுக்கு அனுப்பிவைக்க வேண்டும். அவர்கள் திருத்திய திகதியையும் அதே விரிதாளில் ஒரு நிரலாகச் சேர்த்துக்கொண்டால், அடுத்த மானிய விண்ணப்பத்துக்கு முதல் அட்டவணை அதிலேயே கிடைத்துவிடும்.